கடலைப் பையில் எட்டாம் தரம்

“நீங்க வந்து கண்ணால பாருங்க அக்கா. பார்த்துட்டு, பத்தாதுன்னு பட்டா புள்ளைய கையோட கூட்டிட்டுப் போங்க!”

போன வாரம் தயாபரன் போனில் வீறாப்பாக அவிழ்த்துவிட்ட வார்த்தை இது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழைக்காலத்தில்தான் வாய் திறக்கும். தயாபரனுக்கு எல்லாக் காலமும் மழைக்காலம்.

சொன்ன நாள் வந்துவிட்டது. பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை. பின்னேரம் நான்கு மணிக்குக் கல்கிசையிலிருந்து மயிலம்மா வருகிறார்.

மயிலம்மா தயாபரனின் மூத்த அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தெமட்டகொடை ரயில் வேலைத்தளத்தில் பெரிய பெரிய இரும்புச் சக்கரங்களோடு மல்லுக்கட்டுகிற தயாபரனுக்கு, அக்காவின் பேச்சைத் தட்டுவதென்றால் மட்டும் கை கால் ஓடாது. அந்த அக்கா தன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தம்பி மகள் துஷாந்தினிக்கு ஓர் இடம் பேசி வைத்திருக்கிறார். வீட்டுப் படிப்பு சரியில்லை என்று அவருக்குப் பட்டால் துஷாந்தினி இன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். அம்மா அப்பாவை விட்டு, இந்த ஜிந்துப்பிட்டிச் சந்து வீட்டை விட்டு, கல்கிசையில் அத்தையோடு இருந்து படிக்க வேண்டும்.

அத்தை கெட்டவரல்ல. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

துஷாந்தினிக்குப் பதின்மூன்று வயது. பேச்சு திக்கும். போன வருடம் வகுப்பில் வாசிக்க எழுப்பி, ஒரு சொல்லில் அவள் மாட்டிக்கொண்டு நிற்க, வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஒரு நாள் அல்ல, தினமும். பிள்ளை சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு பேச்சையே நிறுத்தினாள். ஒரு நாள் காலையில் அவளுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தாய் நிரோஷா, இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, “இனி வேணாம். நான் வீட்டிலயே படிப்பிக்கிறேன்,” என்றாள். அன்று தொடங்கிய வீட்டுப் படிப்பில் ஏழாம் வகுப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை எட்டாம் தரம்.

எட்டாம் தரத்துக்கு நிரோஷா செய்த ஆயத்தத்தைச் சொன்னால் ஒரு கல்யாண வேலைக்குச் சமம். கையில் காசில்லாமல் செய்த கல்யாணம்.

பழைய அலுமாரிக் கதவு ஒன்று குப்பைக்குப் போக இருந்தது. அதைச் சுவரில் சாத்தி, கறுப்புப் பெயிண்ட் அடித்ததில் கரும்பலகை தயார். போன வருடக் கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்து ஊசி நூலால் தைத்ததில் புதுக் கொப்பிகள் தயார். விஞ்ஞான அறைக்குச் சமையலறை இருக்கிறது. நேர அட்டவணைக்குப் பழைய கலண்டரின் பின்பக்கம்.

புத்தகம்தான் பெரும்பாடு. பள்ளிக்கூடப் பதிவில் பெயர் உள்ள பிள்ளைக்குப் புத்தகம் கையில் வந்துவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு யார் தருவார்கள்? போனில் பார்க்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். நல்ல யோசனை. அந்த வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான், அது தினமும் தயாபரனோடு தெமட்டகொடைக்குப் போய்விடும்.

நிரோஷாவுக்கு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் வேலை. சேலை விரித்துக் காட்டுகிற சாக்கில், “உங்கட மகன் ஒன்பதாம் தரத்துக்குப் போறாரா மிஸ்? எட்டாம் தரப் புத்தகம் சும்மாதானே கிடக்கும்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைச் சேலையோடு மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள். ஒன்று, இரண்டாக வந்த புத்தகங்களை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஒரு வெறும் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்தினாள். தூசி படாமல் மேலே பழைய பேப்பர்களைப் போட்டு மூடினாள்.

அந்தப் பழைய பேப்பர்கள்தான் வினையாக முடிந்தன.

*

காலையில் நிரோஷா வேலைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை அரைநாள்தான். தயாபரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பொங்கல் துப்புரவு வேலையில் இறங்கினார். அக்கா வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

துஷாந்தினி பச்சையரிசிப் பாத்திரத்தோடு மா அரைக்கக் கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பினாள்.

“அப்பா, அந்தச் சா... சா...”

“சாக்கா? கட்டிலுக்குக் கீழ இருக்கிறதுதானே? ஹமீமா அக்காவுக்குக் குடுக்கணும், அதானே? தெரியும்மா. ஒவ்வொரு பொங்கலுக்கும் குடுக்கிறதுதானே! நீ ஓடு, மில்லுல லைன் கூடிரும்.”

துஷாந்தினி இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினாள். தயாபரன் அதற்குள் விளக்குமாற்றோடு உள்ளே திரும்பிவிட்டார். ‘தொடாதீங்க’ என்ற சொல் அவள் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. சாக்கைத் தூக்கும்போது அடியில் புத்தகம் இருப்பதைக் கண்டு அப்பாவே நிறுத்திவிடுவார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பிள்ளை மில்லுக்குப் போனாள்.

தயாபரனை நாம் அடிக்கப் போகக்கூடாது. மகள் ஒரு சொல்லில் தடுக்கி நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிள்ளை விழப் போகிறதென்று ஓடிப்போய்த் தூக்குகிற தகப்பன் அவர். என்ன, தூக்கிக்கொண்டு போய் அவள் போக நினைக்காத இடத்தில் இறக்கிவிடுவார். வீட்டுக்கு வருகிற போகிற எல்லோருக்குமே இந்தப் பழக்கம் உண்டு. அவள் ஆரம்பிப்பாள், மற்றவர்கள் முடிப்பார்கள். நிரோஷா ஒருத்திதான் காத்திருப்பாள்.

கீழ்வீட்டு ஹமீமா கடதாசிப் பை ஒட்டி விற்கிறவர். பழைய கொப்பி, புத்தகம், பேப்பர் எதுவானாலும் அவர் கையில் பையாகிவிடும். மேல்வீட்டுப் பழைய பேப்பர் பொங்கலுக்கு முன்னால் கீழே போவதும், கீழ்வீட்டிலிருந்து ஒரு தட்டு மஸ்கட் அல்வா மேலே வருவதும் பல வருட வழக்கம். இந்த வருடமும் சாக்கு கீழே போனது. மஸ்கட் மேலே வந்தது.

மா அரைத்துக்கொண்டு வந்த துஷாந்தினி முதலில் கண்டது மேசையில் இருந்த மஸ்கட்டைத்தான். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்தாள். அங்கே தரை நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது.

“அப்பா! பு... பு...”

“புதுசு மாதிரி இருக்குல்ல?” என்றார் தயாபரன் பெருமையாக.

துஷாந்தினி கரும்பலகைக்கு ஓடினாள். சோக்கை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினாள். ‘புத்தகம் எல்லாம் அந்தச் சாக்கில்.’

தயாபரன் வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

*

ஹமீமாவின் வீட்டில் பாய் விரித்திருந்தது. பாய் முழுக்கப் பைகள். விஞ்ஞானத்தில் செய்த பை, கணிதத்தில் செய்த பை, புவியியல் வரைபடத்தில் செய்த பெரிய பை. மருமகள் ஷாமிலா தாள் கிழிக்க, மாமியார் மடித்து ஒட்ட, வேலை வெகு சுறுசுறுப்பாக நடந்திருந்தது.

“யா அல்லாஹ்!” விஷயம் கேட்டதும் ஹமீமா பசைக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். “புத்தகம் புதுசாத்தானே ஈக்கிது, ஏன் தந்தாங்கன்னு எனக்கும் ஒரு யோசனை வந்திச்சி தம்பி. வருஷா வருஷம் தாரீங்கதானே, கேக்கல்ல!”

“மிச்சம் எங்க அக்கா?”

“தமிழும் குடியியலும் இன்னம் கிழிக்கல்ல. அரைவாசி பேக் இந்தா காயிது. காஞ்சதை மகன் ரிஷாத் கொட்டாஞ்சேனைச் சந்திக்குக் கொண்டு போய்ட்டான். கடலைக்காரருக்கு.”

“வரலாறு?” என்று தயாபரன் பாயைப் பார்த்துக் கேட்டார்.

ஹமீமாவுக்குத் தெரியவில்லை. ஷாமிலா குனிந்த தலை நிமிராமல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

துஷாந்தினி அழவில்லை. அழுதிருந்தால் தயாபரனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பாயில் உட்கார்ந்து, ஒரு பையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசை இன்னும் காயவில்லை. மெல்ல இழுத்ததும் பை பிரிந்து தாளானது. ஓரம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. எழுத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

“ஹமீமா மாமி, பே... பேப்பர்ல...”

தயாபரன் வாயைத் திறந்தார். ஆனால் இந்த முறை என்ன சொல்லி முடிப்பதென்று அவருக்கே தெரியவில்லை. ஹமீமாவின் இரண்டு கையிலும் பசை. அவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேப்பர்ல வேற பை செஞ்சு, க... கடலைக்காரருக்குக் குடுப்போம். நம்ம பையை மா... மாத்தி எடுப்போம்.”

“அடி என்ட செல்லம்!” என்றார் ஹமீமா.

அந்த நேரம் பார்த்து நிரோஷா வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தாள். கதவு திறந்திருந்தது. கணவர் தரையில் சம்மணமிட்டுப் பை ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் பஸ்ஸில் மடியில் சுமந்து வந்த கணிதப் புத்தகத்தின் வெறும் அட்டை கிடந்தது.

ஒரு நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“வீட்டைக் கூட்டுங்கன்னு சொன்னா, புள்ளட படிப்பையே கூட்டி வெளிய தள்ளிட்டீங்களே!”

“நிரோஷா, துஷாதான் சாக்குன்னு...”

“அவ சொல்லி முடிச்சாளா? இல்ல நீங்க முடிச்சீங்களா?”

தயாபரன் குனிந்து பையை ஒட்டினார். கோணலாக ஒட்டினார்.

நிரோஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை பேரிடம் பல்லைக் காட்டிக் கேட்டு வாங்கிய புத்தகங்கள்! ஆனால் அழ நேரமில்லை. அண்ணி மயிலம்மா வருவதற்குள் எட்டாம் தரம் வீடு திரும்ப வேண்டும். அவள் கைப்பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். ஐந்து பேர் ஒட்டிய வேகத்தில், பேப்பர்ப் பைக் கட்டு மளமளவென்று உயர்ந்தது.

*

கொட்டாஞ்சேனைச் சந்தியில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், கடலை வண்டி நின்றது. வண்டிக்காரர் சுமதிபால. நிரோஷா பைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். அவளுக்குச் சிங்களம் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான். ‘இந்தப் பை என் மகளின் பாடப்புத்தகம், என் புருஷன் தெரியாமல் கொடுத்துவிட்டார்’ என்பதெல்லாம் வெண்டிக்காய் விலை கேட்கிற சிங்களத்தில் அடங்குமா?

துஷாந்தினிக்குச் சிங்களம் நன்றாக வரும். சந்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியது. ஆனால் பேச வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை சனத்துக்கும் முன்னால், முன்பின் தெரியாத மனிதரோடு பேச வேண்டும்.

அவள் தாயைப் பார்த்தாள். தாய் அவளைப் பார்த்தாள். நிரோஷா பைக் கட்டை மகளின் கையில் கொடுத்தாள்.

“மாமே, மே பே... பே...” மாமா, இந்தப் பை என்று தொடங்கி நின்றாள்.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெடியன் திரும்பிப் பார்த்தான். துஷாந்தினியின் காது சிவந்தது. சுமதிபால தாச்சியில் கடலையை ஒரு புரட்டுப் புரட்டினார்.

“கியன்ன துவ. ஹதிசியக் நெஹே.”

சொல்லு மகளே, ஒரு அவசரமும் இல்லை. அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். கடலை வறுபட எப்படியும் நேரமெடுக்கும். ஆனால் துஷாந்தினிக்கு இதுவரை நிரோஷாவைத் தவிர யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் சொன்னாள். திக்கித் திக்கி, நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கி, முழுக்கதையையும் சொன்னாள். அப்பா துப்புரவு செய்த இடத்தில் சுமதிபால சிரித்தார். அத்தை வருகிற இடத்தில் சிரிப்பை நிறுத்தினார். பிறகு வண்டிக்கடியிலிருந்து பைக் கட்டை எடுத்து, ஒரு பையையும் மிச்சம் வைக்காமல் அவள் கையில் கொடுத்தார். சிலது வித்துப் போயிற்று, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தப்பட்டார். புதுப் பைகளைத் தட்டிப் பார்த்தவர், ஒன்று மட்டும் கோணலாக இருக்கிறதே என்றார்.

“அது அ... அப்பா ஒட்டினது,” என்றாள் துஷாந்தினி சிங்களத்தில்.

திரும்பி வரும் வழியெல்லாம் நிரோஷா மகளின் கையை விடவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தேர்தலில் வென்றவர்கள் கூட இவ்வளவு மிதப்பாக ஜிந்துப்பிட்டிச் சந்துக்குள் நடந்திருக்க மாட்டார்கள்.

*

பிரிக்க முடிந்த பைகளைப் பிரித்தார்கள். காய்ந்து இறுகியதைப் பையாகவே விட்டார்கள். அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, துணிக் கிளிப்பால் ஒவ்வொன்றையும் பக்க ஒழுங்கில் தொங்கவிட்டார்கள். கணிதம் ஒரு கயிறு, விஞ்ஞானம் ஒரு கயிறு. வரலாறு மட்டும் எங்குமே இல்லை. பையாகவும் இல்லை, தாளாகவும் இல்லை.

கடைசிக் கிளிப்பைப் போடும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மயிலம்மா நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். இந்தப் பக்கம் வந்தால் நேரத்தோடு வந்து முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகத்துக்கு நேரே ஒரு முக்கோணக் கணக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“என்னடா தம்பி, கடலை யாவாரம் தொடங்கிட்டியா?”

தயாபரன் மென்று விழுங்கினார். நிரோஷா மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். மயிலம்மா கேட்டுக்கொண்டே கரும்பலகையைத் தட்டிப் பார்த்தார், தைத்த கொப்பியைப் புரட்டினார், கலண்டருக்குப் பின்னால் இருந்த நேர அட்டவணையைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

“நீ படுற பாடு எனக்கு விளங்குது நிரோஷா. நான் இல்லைன்னு சொல்லல்ல. ஆனா புத்தகம் பையாக் கெடக்கு, வீடு சந்தை மாதிரி இருக்கு. புள்ள நாலு பேரோட கதைச்சுப் பழகவும் வேணாமா? எங்க வீட்டுல மேசை இருக்கு, லைட் இருக்கு. பள்ளிக்கூடம் எட்டடி தூரம். நான் என்ன அவள விழுங்கிடவா போறேன்?”

அந்தப் பேச்சில் பிழை சொல்ல என்ன இருக்கிறது?

மயிலம்மா கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். “இந்தா துஷா. பஸ்ஸால இறங்கினதும் உனக்குன்னு வாங்கினேன். சூடு ஆறிருக்கும்.”

கடலைப் பொட்டலம். நிரோஷா எட்டிப் பார்த்தாள். அந்தப் பையில் விஞ்ஞானப் புத்தகத்தின் எழுத்து!

மயிலம்மாவும் அப்போதுதான் கவனித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பையைத் தூரப் பிடித்து வாசித்தார். “மின்னல் தோன்றிச் சிறிது நேரத்தின் பின்னரே இடியோசை கேட்கிறது. இதற்குக் காரணம்...” அதற்கு மேல் மடிப்புக்குள் போய்விட்டது. “காரணம் என்னாது? ஒட்டிக்கெடக்கு.”

“அது எ... எனக்குத் தெ...”

“தெரியும் அக்கா, அவளுக்குத் தெரியும்!” என்று பாய்ந்தார் தயாபரன். “அது வந்து, ரெண்டு மேகம் இடிக்கும்போது...”

துஷாந்தினி தகப்பனுக்கு நேரே கையை நீட்டினாள். உள்ளங்கை விரித்து, பஸ்ஸை மறிக்கிற பொலிஸ்காரர் போல.

“அப்பா. நா... நான் சொல்லி முடிக்கிறேன்.”

தயாபரனின் வாய் திறந்தபடி நின்றது. பதின்மூன்று வருடத்தில் அவருடைய பேச்சை மகள் மறித்தது இதுதான் முதல் தரம்.

“மின்னலும் இடியும் ஒ... ஒரே நேரத்திலதான் வருது அத்தை. வெளிச்சத்துக்கு வே... வேகம் கூட. அதனால முந்தித் தெரியும். சத்தத்துக்கு வேகம் கு... கு...”

அறையில் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். தயாபரன் உதட்டைக் கடித்துக்கொண்டார். மயிலம்மாவின் உதடும் ஒரு கணம் அசைந்து நின்றது. கயிற்றில் பைகள் மட்டும் காற்றுக்குச் சலசலத்தன.

“...குறைவு. அதனால சத்தம் பி... பிந்தித்தான் கேக்கும்.”

மயிலம்மா பையை நகத்தால் கிழித்துப் பிரித்தார். கடலை நிலமெல்லாம் சிதறியது. மடிப்புக்குள் ஒளிந்திருந்த வரியை வாசித்தார். ஒரு தரம் வாசித்தவர், மருமகளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் வாசித்தார்.

“இதையெல்லாம் எப்ப படிச்ச நீ? இன்னும் வருஷமே தொடங்கல்லையே!”

“லீவுலயே எல்லாத்தையும் வா... வாசிச்சிட்டேன் அத்தை. ரெண்டு தரம்.”

“அண்ணி, இன்னைக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தியில அவ்வளவு சனத்துக்கு முன்னால, சிங்களத்துல கதைச்சு இந்தப் பேக் எல்லாத்தையும் திருப்பி வாங்கினதும் அவதான்,” என்றாள் நிரோஷா. “நான் பக்கத்துல சும்மாதான் நின்டேன்.”

மயிலம்மா கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

“சத்தம் பிந்தித்தான் வருமாம்,” என்றார் தம்பியைப் பார்த்து. “பிந்தினா என்னடா? வருதுல்ல! நாமதான் காத்திருக்கல்ல.”

தயாபரன் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மனிதர் அழுவதைப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்பதற்காக, கீழே சிதறிய கடலையைப் பொறுக்கத் தொடங்கினார்.

“கல்கிசையில சொல்லி வச்ச இடத்தை வேணாம்னு நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன். இவ இங்கயே படிக்கட்டும். பொங்கலுக்கு நானும் இங்கதான் வாறேன். பானையை இந்தக் கயித்துக்குக் கீழ மட்டும் வச்சிடாதீங்க, பாடம் பத்திக்கும்!”

நிரோஷா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்த அழுகை. துஷாந்தினி தாயின் தோளுக்கு மேலால் கயிற்றில் ஆடிய தன் பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பசித்தது. தகப்பன் பொறுக்கி வைத்த கடலையில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போது கதவு மெல்லத் தட்டப்பட்டது.

ஷாமிலா. முக்காட்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே வந்து, அதை எடுத்து மேசையில் வைத்தாள். வரலாற்றுப் புத்தகம். ஒரு தாள் கிழியவில்லை.

“கிழிக்கத்தான் எடுத்தேன். ஒரு பக்கம் வாசிச்சேன். அதுக்குப் பொறகு கிழிக்க மனசு வரல்ல,” என்றாள் மெதுவாக. “ஒளிச்சி வெச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க.”

“இதுல என்ன இருக்கு ஷாமிலா? நீங்க காப்பாத்தித்தானே தந்திருக்கீங்க,” என்றாள் நிரோஷா.

ஷாமிலா போகவில்லை. கயிற்றில் தொங்கிய பைகளைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். அவளுக்கும் துஷாந்தினிக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம்.

“எட்டாம் தரத்தோடதான் நான் நின்டது. எனக்கும் படிக்கோணும் போல ஈக்கிது. திங்கக்கெழம நானும் வர ஏலுமா? மாமிக்கும் அவருக்கும் இன்னம் தெரியா...”

மயிலம்மா நிரோஷாவைப் பார்த்தார். நிரோஷா கணவரைப் பார்த்தாள். கீழ்வீட்டுக்குத் தெரியாமல் கீழ்வீட்டு மருமகளை மேல்வீட்டில் உட்கார வைப்பதா? தெரிந்தால் ஹமீமா என்ன சொல்லுவார்? ரிஷாத் என்ன சொல்லுவான்? பல வருடத்து மஸ்கட் உறவல்லவா!

“ஷாமிலா!” கீழிருந்து ஹமீமாவின் குரல் படியேறி வந்தது. “மேல என்ன செய்றாய்?”

ஷாமிலாவின் முகம் வெளுத்தது. தயாபரன் பழக்க தோஷத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

துஷாந்தினி ஊசி நூலால் தைத்து வைத்த புதுக் கொப்பி ஒன்றை எடுத்து ஷாமிலாவின் கையில் வைத்தாள்.

“தி... தி...”

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“திங்கட்கிழமை எட்டு மணிக்கு. பி... பிந்தினாலும் பரவாயில்ல அக்கா. வாங்க.”